சுழியோடியின் உயிரும் எமது வியாபாரக் கணக்கும்

ஒரு பொருளின் அடக்க விலையைச் சரியாகக் கணக்கிடத் தெரியாதவர் நீண்ட காலம் வியாபாரம் செய்ய முடியாது. வாங்கிய விலை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம், கடை வாடகை, வங்கி வட்டி என்று எல்லாவற்றையும் கூட்டிய பின்னர்தான் இலாபம் எவ்வளவு என்று சொல்ல முடியும். கடலட்டை, சங்கு ஏற்றுமதியில் ஈடுபட்டுள்ள எம்மவர்களிடம் அடக்க விலையைக் கேட்டுப் பாருங்கள். அவிப்பதற்கு விறகு, உப்பு, காய்ந்த பின் குறையும் நிறை, கொழும்புக்கு லொறிக் கூலி, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் எழுதப்படாத ஒரு செலவு உண்டு. அதை இன்று வரை கட்டிக் கொண்டிருப்பவர் முதலாளி அல்ல. கடலின் அடியில் இறங்கி அந்த அட்டையைப் பொறுக்கிய சுழியோடிதான் அதைக் கட்டுகிறார். சிலர் தமது கால்களால் கட்டியிருக்கிறார்கள். சிலர் உயிரால் கட்டியிருக்கிறார்கள்.

கொச்சிக்கடையில் கயிறு, வலை, படகுச் சாமான்கள் விற்கும் கடையொன்றை நீண்ட காலமாக நடத்தி வருபவன் நான். கற்பிட்டி, புத்தளம், மன்னார், பேருவளை, திருகோணமலைப் பக்கங்களிலிருந்து சம்மாட்டிமார் என் கடைக்கு வருவார்கள். தேநீர் குடித்தபடி தொழில் நிலவரம் பேசுவோம். "அந்தப் பெடியன் இப்போது வருவதில்லையா?" என்று யாராவது ஒருவரைப் பற்றி விசாரித்தால், "அவனுக்கு வாதம் பிடித்துவிட்டது நானா, வீட்டில்தான்" என்று பதில் வரும். இருபத்தைந்து, முப்பது வயது இளைஞனுக்கு என்ன வாதம்? எங்கிருந்து வந்தது? அதை யாரும் பேசுவதில்லை. அடுத்த சீசனுக்குக் கயிறு எத்தனை சுருள் வேண்டும் என்பதற்குப் பேச்சு போய்விடும்.

இந்த வாதம் காற்றினால் வருவதும் அல்ல, கண்ணூறினால் வருவதும் அல்ல. இது அமுக்கத்தினால் வருவது. இதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு நூறு வருடங்களுக்கு மேலாக உலகத்துக்குத் தெரியும். எமது வியாபாரிகளுக்கு அதை எளிமையாகச் சொல்வதும், அது எமது பணப்பெட்டியோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பழைய காலத்தைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பு உலகப் புகழ் பெற்றது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது அங்கு முத்துக்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார். பிரித்தானியர் காலத்தில் 1905 இல் நடந்ததே மிகப் பெரிய முத்துக்குளிப்புகளில் ஒன்று. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள், பரதவர், அரபு நாட்டவர் எனப் பலரும் குளிக்க வந்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கொண்டிருப்பார். ஒரு மூச்சு அடங்கும் நேரம், ஏறத்தாழ ஒரு நிமிடம், அதற்குள் சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும்.

அந்த முறையில் சுறாவினால் ஆபத்து இருந்தது, மூச்சு முட்டும் ஆபத்தும் இருந்தது. ஆனால் இன்று எமது இளைஞர்களை முடமாக்கும் இந்த நோய் அவர்களைப் பெரும்பாலும் தொடவில்லை. காரணம், மனிதனின் நெஞ்சே ஒரு வரையறையாக இருந்தது. மூச்சு முடிந்தால் மேலே வந்தே ஆக வேண்டும். இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். அரசாங்கம் நடத்திய அந்த முத்துக்குளிப்பில் கடைசிக் காலங்களில் அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு உரியது. அவர்கள் தமது பங்கைத் தாமே விற்கலாம். வெள்ளைக்காரன் கொடுத்த பங்கு அது.

பின்னர் காற்றை இயந்திரத்தால் அடைத்துக் கீழே கொண்டு செல்லும் வழி வந்தது. மூச்சு என்ற வரையறை போய்விட்டது. கிரேக்க நாட்டுத் தீவுகளில் கடற்பஞ்சு எடுத்தவர்கள் 1860 களில் சுழியோடும் உடையை அணியத் தொடங்கியதும் ஒரே தலைமுறைக்குள் பலர் முடமானார்கள், பலர் இறந்தார்கள். அதுவரை வெறும் உடம்போடு இறங்கியவர்களுக்கு இந்த நோய் தெரிந்திருக்கவில்லை. எமது கரைகளில் சிலிண்டர் வந்தபோதும் இதே கதைதான் நடந்தது.

இனி அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

நாம் கரையில் நிற்கும்போது எம்மீது ஒரு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் இன்னொரு வளிமண்டல அமுக்கம் கூடும். 30 மீற்றரில், அதாவது சுமார் 100 அடியில், அது நான்கு மடங்கு. அந்த அமுக்கத்தில் சுவாசிக்கும் காற்றும் நான்கு மடங்கு அடர்த்தியானது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். உடம்புக்கு அதனால் பயன் ஏதும் இல்லை. ஆனால் அமுக்கத்தின் கீழ் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து சேர்ந்து கொண்டே போகும். எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவு சேரும்.

சோடாப் போத்தலை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும்போது உள்ளே ஒரு குமிழியும் தெரியாது. மூடியை மெதுவாகத் தளர்த்தினால் வாயு சிறிது சிறிதாக வெளியேறும். சட்டென்று திறந்தால் பொங்கிவிடும். சுழியோடி அவசரமாக மேலே வரும்போது அவர் உடம்புக்குள் நடப்பதும் இதுதான். நைதரசன் குமிழிகளாகப் பொங்குகிறது. மூட்டில் தங்கினால் தாங்க முடியாத வலி. முள்ளந்தண்டு நரம்பில் தங்கினால் கால் விளங்காது, சிறுநீர் போகாது. மூளையிலோ நெஞ்சிலோ தங்கினால் மௌத்து.

இதைவிட விரைவாகக் கொல்லும் இன்னொன்றும் உண்டு. கீழே நெஞ்சு நிறையக் காற்றை எடுத்துவிட்டு, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று விரிகிறது. 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அது இரு மடங்காகிறது. நுரையீரல் கிழிந்து காற்று நேராக இரத்தத்தில் புகுந்துவிடும். இதற்கு ஆழ்கடல் தேவையில்லை. ஓர் ஆள் உயர நீரிலேயே இது நடக்கலாம். சிலிண்டரில் காற்று முடிந்ததும் பதறிக்கொண்டு மேலே பாய்பவருக்கு இதுவே பெரும்பாலும் நடக்கிறது.

பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி போல் பேர்ட் 1878 இல் இந்த நோய்க்குக் காரணம் நைதரசன் குமிழியே என்று நிறுவினார். 1908 இல் ஹால்டேன் என்பவர் பிரித்தானியக் கடற்படைக்காக, ஆடுகளை வைத்துப் பரிசோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மேலே வர வேண்டும் என்று அட்டவணை வெளியிட்டார். அதற்குப் பின் வந்த அமெரிக்கக் கடற்படையின் அட்டவணையை உலகமெங்கும் பல தசாப்தங்கள் பாவித்தார்கள். அதன்படி 60 அடியில் 60 நிமிடம், 100 அடியில் 25 நிமிடம், 130 அடியில் 10 நிமிடம். இதற்கு மேல் தங்கினால் வழியில் நின்று நின்றுதான் மேலே வர வேண்டும். இதுவும் அன்றைய முதலாவது இறக்கத்துக்கு மட்டும். முதல் இறக்கத்தில் சேர்ந்த நைதரசன் முற்றாக நீங்குவதற்கு 12 மணித்தியாலம் வேண்டும் என்று அந்த அட்டவணை கொள்கிறது.

இப்போது வியாபாரியின் கண்ணோடு இதைப் பாருங்கள். சாதாரண சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 2,200 லீற்றர் காற்று அடைக்கலாம். வேலை செய்யும் ஒருவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் என்று வைத்தால், 100 அடியில் அது நான்கு மடங்கு, அதாவது 80 லீற்றர். ஆகவே ஒரு சிலிண்டர் 27, 28 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அட்டவணையின் வரையறையோ 25 நிமிடம். அதாவது சிலிண்டர் முடியும் நேரமும் உடம்பு தாங்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால்தான் முதலாவது சிலிண்டரில் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. "நான் எத்தனையோ தரம் இறங்கியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று இளைஞர்கள் சொல்வதன் இரகசியம் இதுதான். ஆபத்து இரண்டாவது சிலிண்டரில் ஏறுகிறது, மூன்றாவதில் கூடுகிறது. நான்காவது சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குபவர் காலையிலிருந்து சேர்த்த கடன் முழுவதையும் உடம்பில் சுமந்துகொண்டுதான் இறங்குகிறார்.

அந்த நான்காவது சிலிண்டரை அவர் ஏன் கட்டுகிறார்? இங்கேதான் நாம் வருகிறோம்.

கடலட்டையை இலங்கையில் யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை. முழுவதும் சிங்கப்பூர், ஹொங்கொங், தாய்வான், சீனா என்று வெளியே போகிறது. ஆகவே இந்தத் தொழில் முழுவதும் வியாபாரியின் தேவைக்காகவே நடக்கிறது. பணம் கொழும்பிலிருந்து முற்பணமாகக் கிளம்புகிறது. ஏற்றுமதியாளர் சம்மாட்டிக்குக் கொடுக்கிறார், சம்மாட்டி சுழியோடிக்குக் கொடுக்கிறார். சீசன் தொடங்கும் முன்னரே அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். பின்னர் அட்டை எண்ணிக்கைக்குத்தான் காசு. கொண்டு வந்தால் கடன் கழியும், கொண்டு வராவிட்டால் கடன் ஏறும். கரையோரத்தில் அட்டை குறைந்துவிட்டதால் ஆழத்துக்குப் போக வேண்டும், இரவிலும் இறங்க வேண்டும். வடமேல் கரையில் காற்று மாறினால் கிழக்குக் கரைக்கு வாடி மாற்றிக்கொண்டு போக வேண்டும். இத்தனையும் சுழியோடியின் பேராசையினால் நடப்பதல்ல. நாம் போட்ட விலை முறைதான் அவரைக் கீழே தள்ளுகிறது.

என் கடைக்கு வரும் ஒருவர் கற்பிட்டிப் பக்கம் சுழியோடியாக இருந்தவர். இன்று ஊன்றுகோலோடு நடக்கிறார். வலை திருத்திப் பிழைக்கிறார். அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். மாலை படகில் ஏறியதும் தோள்மூட்டில் வலி, கால் மரத்தது. வாடியில் எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். "திரும்பவும் ஒரு தரம் இறங்கி வா, சரியாகிவிடும்" என்று யாரோ சொல்ல, அரை உயிரோடு மீண்டும் இறக்கினார்கள். அடுத்த நாள் காலையில்தான் வைத்தியசாலை. அங்கும் சிலிண்டரில் சுழியோடியவர் என்று யாரும் சொல்லவில்லை. தலைசுற்றல், உடம்பு வலி என்று கொடுத்தார்கள். அவருடைய முற்பணக் கணக்கு என்னவாயிற்று என்று கேட்டேன். மனைவியின் நகையை விற்று அடைத்ததாகச் சொன்னார். கால் போன பின்னும் கடன் நின்றது.

இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. நோயாளியை அமுக்க அறையொன்றில் வைத்து, மீண்டும் 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமுக்கத்தைக் கொடுத்து, சுத்தமான ஒட்சிசனைச் சுவாசிக்க வைத்து, மெதுவாக அமுக்கத்தைக் குறைப்பார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். எவ்வளவு விரைவாகக் கொண்டு போகிறோமோ அவ்வளவுக்குப் பலன். எமது நாட்டில் திருகோணமலையில் கடற்படையினரிடம் இவ்வசதி உண்டு. கற்பிட்டியிலிருந்து அங்கு செல்ல இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். மாலைதீவில் உல்லாசப் பயணிகளுக்காக பண்டோஸ் தீவிலேயே அமுக்க அறை வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக மீன் பார்க்க இறங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, வயிற்றுக்காக இறங்குபவருக்கு இல்லை.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்பதையும் எமது ஏற்றுமதியாளர்கள் அறிந்திருப்பது நல்லது. மத்திய அமெரிக்காவில் ஹொண்டூராஸ் என்ற நாடு உண்டு. அங்கு மிஸ்கிட்டோ என்ற பழங்குடி மக்கள் கம்பனிப் படகுகளில் சென்று சிங்க இறால் பிடிக்கச் சுழியோடுகிறார்கள். பிடித்த இறால் அமெரிக்காவுக்குப் போகிறது. பிடிக்கும் அளவுக்குத்தான் காசு. ஒழுங்கான பயிற்சி இல்லை, கருவி இல்லை, பல சிலிண்டர்கள். கேட்டால் எமது கதை போலவே இருக்கும். முடமானவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் வழக்குப் போட்டார்கள். 42 சுழியோடிகள் சம்பந்தப்பட்ட அவ்வழக்கில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. கம்பனிகளை ஒழுங்காக மேற்பார்வை செய்யாத அரசாங்கம் பொறுப்பாளி என்றது. நட்டஈடு, வைத்தியம், கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒழுங்கு என்பனவெல்லாம் அதில் வந்தன.

பணக்கார நாடுகளிலும் இதே பிணக்குத்தான். வட கடலில் நோர்வேயின் பகுதியில் 1983 நவம்பர் 5 ஆம் திகதி பைஃபோர்ட் டொல்பின் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடையில் அமுக்க அறையின் இணைப்பு, கதவு மூடப்படும் முன்னர் கழன்றது. ஒன்பது மடங்காக இருந்த அமுக்கம் கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றாகியது. நான்கு சுழியோடிகளும் மேலே உதவிக்கு நின்ற ஒருவரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். இறந்த உதவியாளரின் தவறு என்றுதான் முதலில் சொன்னார்கள். அமுக்கம் இருக்கும்போது இணைப்பைக் கழற்ற முடியாதபடி தடுக்கும் பூட்டு அந்தக் கருவியில் இருக்கவில்லை என்பது குடும்பத்தவர்கள் வருடக்கணக்கில் போராடிய பின்னரே எடுபட்டது. பேச முடியாத மையித்தின் மீது பழியைப் போடுவது எங்கும் இலகுவான காரியம்.

அதே நோர்வேயில் பழைய சுழியோடிகள் சிலர் தொடுத்த வழக்கில் 2013 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பனிகள் பாவித்த விரைவான அமுக்கக் குறைப்பு அட்டவணைகளின் ஆபத்தை அறிவதற்குத் தேவையான தகவல் சுழியோடிகளுக்குக் கிடைப்பதை அரசாங்கம் உறுதி செய்யவில்லை என்பது தீர்ப்பு. அந்த அட்டவணைகளைச் சில கம்பனிகள் வியாபார இரகசியமாக வைத்திருந்தன என்பதும் அவ்வழக்கில் பேசப்பட்டது. வியாபாரத்தில் இரகசியம் உண்டு, மறுக்கவில்லை. கொள்வனவு விலை இரகசியம், வாடிக்கையாளரின் பெயர் இரகசியம். ஆனால் தொழிலாளியின் உயிர் தங்கியிருக்கும் கணக்கு எந்த முதலாளிக்கும் இரகசியமாக இருக்க முடியாது. எமது வாடிகளில் அட்டவணை மறைக்கப்படவில்லை. அது அங்கு இல்லவே இல்லை. முடிவு ஒன்றுதான்.

இதை வாசிக்கும் சிலர் மனதில் எழும் பதில்கள் எனக்குத் தெரியும். "நான் யாரையும் பலவந்தப்படுத்தவில்லை, அவர்களாகத்தான் வருகிறார்கள்" என்பார்கள். உண்மைதான். ஆனால் முற்பணம் வாங்கிய ஒருவர் "இன்று போதும்" என்று சொல்லும் சுதந்திரத்தோடு படகில் ஏறுகிறாரா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். "நான் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்குவார்" என்பார்கள். அதுவும் உண்மை. அதனால்தான் இது தனி ஒருவர் செய்யக்கூடிய காரியமல்ல, இத்தொழிலில் உள்ளவர்கள் கூடிச் செய்ய வேண்டியது. "அவர் என் தொழிலாளி இல்லை, எண்ணிக்கைக்குக் காசு வாங்குபவர்" என்பார்கள். 1934 முதல் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. அதிலிருந்து தப்புவதற்கு இந்தப் பதில் சிலவேளை உதவலாம். மனச்சாட்சிக்கு உதவாது.

இன்னும் சிலர், "எல்லாம் கத்ர், மௌத்து எழுதிய இடத்தில் வரும்" என்பார்கள். மௌத்து அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடைக்குப் பூட்டுப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. சரக்குக்குக் காப்புறுதி பேசும்போது நாம் கத்ரைப் பற்றிப் பேசுவதில்லை. சுழியோடியின் கால் மரத்துப் போகும்போது மட்டும் அந்தச் சொல் எமது வாயில் வருவது நியாயமில்லை. அதேபோல முடமானவரின் வீட்டுக்கு ரமழானில் ஒரு மூடை அரிசியும் ஸகாத் பணமும் அனுப்புவது நல்ல காரியம். ஆனால் அவருக்குச் சேர வேண்டிய உரிமையைத் தர்மமாகக் கொடுத்தால், தர்மம் செய்தவர் என்ற பெயர் எமக்கு, கடன் தீராத நிலை அவருக்கு.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் வேண்டாம். ஒரு வியாபாரியின் கைக்கு எட்டியவற்றையே சொல்கிறேன்.

முதலாவது, விலை முறை. எண்ணிக்கைக்கு மட்டும் காசு என்பதை மாற்றி, இறங்கிய நாளுக்கு ஒரு அடிப்படைக் கூலியும் அதற்கு மேல் எண்ணிக்கைக்குக் காசும் என்று வையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை சிலிண்டர்தான், அதற்கு மேல் கொண்டு வந்த அட்டையை வாங்குவதில்லை என்று கொள்வனவாளர் சொன்னால், சம்மாட்டி கேட்பார். சட்டம் சொல்வதைவிடக் காசு கொடுப்பவர் சொல்வது கடலில் விரைவாகப் போய்ச் சேரும். சுழியோடும்போது ஊனமுற்றால் முற்பணம் தள்ளுபடி என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, கருவி. ஆழம் காட்டும் மானியும் நீரில் பாவிக்கும் கடிகாரமும், முடிந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் சுழியோடிகளுக்கான கணினியும், படகின் சாமான்களாக இருக்க வேண்டும். இயந்திரத்தை யார் வாங்குகிறாரோ அவரே இதையும் வாங்க வேண்டும். மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படக் கூடாது. 5 மீற்றரில் மூன்று நிமிடமாவது தரித்து வர வேண்டும். இதற்குச் செலவு மூன்று நிமிடம் மட்டுமே.

மூன்றாவது, காற்று. கொம்பிரசரின் வாய் அதன் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் காபனோரொட்சைட்டு நஞ்சையே சிலிண்டரில் அடைக்கிறீர்கள். மேலே சிறிதளவாக இருப்பது ஆழத்தில் பல மடங்காகும். காற்று எடுக்கும் குழாயைப் புகை வராத உயரத்தில், காற்று வீசும் பக்கம் வையுங்கள். வடிகட்டியை மாற்றுங்கள். துருப்பிடித்த சிலிண்டரை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை உள்ளே பார்ப்பதும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை நீரமுக்கச் சோதனை செய்வதும் உலக வழக்கம்.

நான்காவது, அவசர ஏற்பாடு. ஒவ்வொரு வாடியிலும், முடிந்தால் படகிலும், ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றும் முகமூடியும் இருக்க வேண்டும். வலி, மரப்பு, தலைசுற்றல், தோலில் புள்ளி, சிறுநீர் போகாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் படுக்க வைத்து ஒட்சிசன் கொடுங்கள். நினைவுள்ளவருக்குத் தண்ணீர் கொடுங்கள். எண்ணெய் தேய்ப்பதும் மீண்டும் கடலில் இறக்குவதும் கூடவே கூடாது. உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, "இவர் சிலிண்டரில் சுழியோடியவர், இத்தனை அடி, இத்தனை தடவை" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் ஒருவரின் கால்களைக் காப்பாற்றும். திருகோணமலைக்கு அனுப்ப வாகனமும் அதற்கான பணமும் சீசன் தொடங்கும் முன்னரே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். யாரை அழைப்பது என்று வாடிச் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

ஐந்தாவது, பொது நிதி. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவிலிருந்தும் ஒரு சிறு தொகையை ஏற்றுமதியாளர்கள் ஒன்றுகூடி ஒதுக்கினால், ஊனமுற்றவர்களின் குடும்பங்களுக்கு மாதாந்தம் ஒரு தொகை கொடுக்கலாம். வடமேல் கரையில் ஓர் அமுக்க அறை வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்கும்போதும் வெறுங்கையோடு போய் நிற்கத் தேவையில்லை. 1996 இன் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் சுழியோடவும் கடலட்டையைக் கொண்டு செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போதே அட்டவணைப் பயிற்சியையும் ஒட்சிசனையும் கட்டாயமாக்குங்கள் என்று திணைக்களத்திடம் கேட்க வேண்டியவர்கள் நாமே. சுழியோடி கேட்டால் அது முறைப்பாடு. ஏற்றுமதியாளர் கேட்டால் அது கொள்கையாகும்.

வட பகுதியில் இப்போது கடலட்டைப் பண்ணைகள் வந்திருக்கின்றன. வெள்ளை அட்டையை ஆழமற்ற கடலில் வேலி போட்டு வளர்க்கிறார்கள். அப்பகுதி மீனவர்களிடையே அதைப் பற்றிச் சர்ச்சைகளும் உண்டு. அவை தனியாக ஆராயப்பட வேண்டியவை. ஆனால் முழங்கால், இடுப்பளவு நீரில் வளர்ந்த அட்டையும் அதே சந்தைக்குத்தான் போகிறது. அதற்கு யாருடைய முள்ளந்தண்டும் விலையாகக் கொடுக்கப்படுவதில்லை. நூறடி ஆழத்து அட்டையை வாங்குபவர் நாளை இதோடும் போட்டியிட வேண்டியிருக்கும். உயிரைப் பணயம் வைத்து மலிவாக எடுக்கும் வியாபாரம் நீண்ட காலம் நிற்காது என்பதை இலாப நட்டக் கணக்குப் பார்ப்பவர்களும் யோசிக்கலாம்.

அடுத்த சீசனுக்கு முற்பணம் கொடுக்கப் போகும் சகோதரர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்னர் சம்மாட்டியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பெடியன்கள் ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் இறங்குகிறார்கள்? வாடியில் ஒட்சிசன் இருக்கிறதா? இரவு பத்து மணிக்கு ஒருவருக்குக் கால் மரத்தால் எந்த வாகனத்தில் எங்கே கொண்டு போவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் பணத்தைத் திரும்பவும் பெட்டியில் வையுங்கள். பதில் வந்ததும் கொடுக்கலாம்.